முதலில் பஞ்ச், அப்புறம் ஆஸ்பத்திரி

என் கணவர் வண்டியில் இடித்துக்கொண்ட இடத்திலிருந்து பார்த்தால் அவருடைய கம்பெனி கேட் தெரியும். ஆஸ்பத்திரி அதற்கு நேர் எதிர்த் திசையில், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். கூட இருந்தவர்கள் அவரைக் கேட்டுக்குத்தான் கூட்டிப்போனார்கள். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வேலை செய்கிறவர் யாராக இருந்தாலும் அன்றைக்கு அதைத்தான் செய்திருப்பார். நான் அங்கே இருந்திருந்தால் நானும் அதையேதான் செய்திருப்பேன்.

வெளியில் இருப்பவர்களுக்கு இது விளங்காது. பல வருடங்களுக்கு முன்பு பேட்டையில் ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளி வேலைக்கு வரும் வழியில் லாரியில் அடிபட்டார். அவர் கேட்டுக்குள் வரவில்லை, வருகை பதியும் மெஷினில் விரல் வைக்கவில்லை, அதனால் அது அவருடைய சொந்த விபத்து, கம்பெனிக்குச் சம்பந்தமில்லை என்று அவருடைய கான்ட்ராக்டர் கையை விரித்துவிட்டாராம். எந்தக் கம்பெனி, எந்த ஆள் என்று யாரைக் கேட்டாலும் சரியாகத் தெரியாது. ஆனால் கதை எல்லோருக்கும் தெரியும். வழியில் அடிபட்டால் முதலில் பஞ்ச், அப்புறம் ஆஸ்பத்திரி. புதிதாகச் சேருகிறவர்களுக்குக் கேன்டீன் எந்தப் பக்கம் என்று காட்டுவதோடு இதையும் சொல்லிக்கொடுப்பார்கள். அடிபட்டவனைத் தோளில் தாங்கிக் கேட்டுக்குக் கொண்டுபோய் அவன் விரலை மெஷினில் வைப்பது அவனுக்கும் அவன் குடும்பத்துக்கும் செய்கிற உதவி. அதைச் செய்யாமல் விட்டவனைத்தான் நாலு பேர் பேசுவார்கள்.

என் கணவர் இரும்புக் கம்பெனி ஒன்றில் கான்ட்ராக்டில் கிரேன் ஆபரேட்டர். நான் அதே பேட்டையில் வேறொரு கம்பெனியில், அளவு பார்க்கிற அறையில் இருக்கிறேன். தயாராகி வரும் புஷ், பின் மாதிரியான சின்ன இயந்திர பாகங்களை மைக்ரோமீட்டரில் வைத்து அளந்து, சரியானதை ஒரு தட்டிலும் கழிவை ஒரு தட்டிலும் போடுவது என் வேலை. இந்தப் பழக்கம் வீட்டிலும் வந்துவிடும். டப்பாக்களின் மூடியில் எழுதி ஒட்டுவேன், துணியை ஓரம் சேர்த்து மடிப்பேன், தினமும் படுக்கப்போகுமுன் அன்று நடந்ததை எழுதிவைப்பேன். அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது குறைவு. "மைக்ரோமீட்டர்" என்றுதான் கூப்பிடுவார். மகள் சென்னையில் படிக்கிறாள். அவளிடம் போனில், "உங்க அம்மா உப்ப கூட கேஜ் வெச்சித்தான் போடறா" என்பார்.

அவர் அன்று இரண்டாம் ஷிப்ட். நான் காலையிலேயே போய்விட்டேன். மதியம் கவரைப்பேட்டையில் எங்கள் வீட்டிலிருந்து கிளம்பியிருக்கிறார். அவருடைய நண்பர் பின்னாலேயே தன் வண்டியில் வந்திருக்கிறார். இரண்டு பேருக்கும் ஒரே கம்பெனி, ஒரே ஷிப்ட், எங்களுக்கு அடுத்த தெரு. வயதில் சின்னவர் என்பதால் இவரை அண்ணன் என்பார், என்னை அண்ணி என்பார். நான் நேரில் பார்க்காத பகுதி முழுவதும் அவர் சொன்னதுதான். அவர் பலமுறை சொன்னார். எந்த முறையும் ஒரு வார்த்தை கூடவோ குறையவோ இல்லை.

பேட்டைக்குள் திரும்பும் சாலையில் ஒரு டிரெய்லர் ஓரமாக நின்றிருக்கிறது. கம்பெனி வேன் ஒன்று இவரை முந்திக்கொண்டு இடதுபக்கம் ஒதுக்கியிருக்கிறது. இவர் வேகமாகவும் போகவில்லை. முன்சக்கரம் டிரெய்லரின் பின்டயரில் முட்டி, ஹேண்டில்பார் திரும்பி, அதன் முனை இடது விலாவுக்குக் கீழே குத்தியிருக்கிறது. கீழே விழக்கூட இல்லை. ஒரு காலை ஊன்றி, வண்டியைச் சாய்த்து நிறுத்திவிட்டு, தானே இறங்கியிருக்கிறார்.

"இன்னாண்ணா, அடி பட்டுச்சா?"

"அடியும் இல்ல ஒண்ணும் இல்ல. இண்டிகேட்டர்தான் பூடுச்சி."

"ரத்தம் கித்தம் வருதா பாரு."

"முழங்கையில லேசா தேய்ஞ்சிருக்குது. இதப் போய் ஆக்சிடென்ட்னு சொன்னா லாரிக்காரனே சிரிப்பான்."

அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு டிரெய்லர் நிழலிலேயே உட்கார்ந்துவிட்டாராம்.

"இன்னாண்ணா?"

"வயிறு புடிச்சிகினுகீது."

"மதியம் இன்னா சாப்ட?"

"உங்க அண்ணி வெச்ச காராமணி கொழம்பு."

"அப்ப அதான்" என்று நண்பர் சொல்ல, இரண்டு பேரும் சிரித்திருக்கிறார்கள். அந்தச் சிரிப்பையும் நண்பர் ஒவ்வொரு முறையும் விடாமல் சொன்னார்.

அதற்குள் ஷிப்டுக்குப் போகிறவர்கள் கூடிவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு ஊசி போட்டுக்கலாம் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். "மொதல்ல பஞ்ச் பண்ணிகினு போங்கப்பா. நாளைக்கு இன்னானா ஒண்ணு வந்தா?" என்று மற்றவர்கள் சொல்லியிருக்கிறார்கள். நண்பர் இவரைத் தன் வண்டியில் நடுவில் உட்காரவைத்து, பின்னால் இன்னொருவர் பிடித்துக்கொள்ள, கேட்டுக்குக் கொண்டுபோனார்.

மெஷின் இவர் விரலை ஏற்கவில்லை. விரல் முழுக்க வியர்வை. செக்யூரிட்டி வேறு விரலை வைக்கச் சொன்னார், அதையும் ஏற்கவில்லை. வரிசை பின்னால் நீண்டுகொண்டே போயிற்று. நண்பர் தன் கைக்குட்டையால் அந்த விரலைத் துடைத்து, தன் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துச் சூடாக்கி, அழுத்தி வைத்தார். பச்சை விளக்கு எரிந்தது. வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் அப்பாடா என்றிருந்ததாம்.

பஞ்ச் ஆனபிறகு அவசரம் போய்விட்டது. முதலுதவி அறையில் உட்காரவைத்தார்கள். அங்கே இவர் வயிற்றைப் பற்றிப் பேசவில்லை. இடது தோள் வலிக்கிறது என்றார். ஹேண்டிலைப் பிடித்த அதிர்ச்சியில் தோள் பிசகியிருக்கும் என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தார்கள். தைலம் தேய்த்து, பட்டை கட்டி, டீ வாங்கிக் கொடுத்தார்கள். தைலம் தேய்த்ததும் நண்பர்தான். இவர் டீயை வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டார். திரும்பத் திரும்பத் தண்ணீர் கேட்டார். படுக்கவைத்தால் தோள் வலி தாங்காமல் எழுந்து உட்கார்ந்துகொண்டார்.

எனக்கு போன் வந்தது அப்போதுதான். "அண்ணி, பயப்படாதீங்க. அண்ணனுக்குத் தோள்ல லேசா அடி. ஊட்டுக்கு இட்டுகினு போறீங்களான்னு கேக்கத்தான்." நான் அனுமதி வாங்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் போனேன்.

அறை வாசலில் என்னைப் பார்த்ததும், "வந்துட்டாப்பா மைக்ரோமீட்டர். ஒரு நூல் கொறைஞ்சாலும் கண்டுபுடிச்சிடுவா" என்றார். சொல்லி முடிப்பதற்குள் கொட்டாவி வந்தது. உடனே இன்னொன்று. உதடு சாம்பல் நிறத்தில் இருந்தது. காலைத் தொட்டேன், அந்த வெயிலிலும் குளிர்ந்திருந்தது. சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். விலாவுக்குக் கீழே ஹேண்டில் முனையளவுக்கு வட்டமாக ஒரு சிவப்புத் தடம். தோல்கூடக் கிழியவில்லை. ஆனால் வயிறு எனக்குப் பழக்கப்பட்ட வயிறாக இல்லை. காற்றடித்த டியூப் மாதிரி இறுகியிருந்தது. கை வைத்ததும் முகத்தைச் சுளித்தார்.

"இது தோள் வலி இல்ல" என்றேன். அதற்கு மேல் எனக்கும் ஒன்றும் தெரியாது.

கம்பெனி வண்டியிலேயே பக்கத்து நர்சிங் ஹோமுக்குப் போனோம். ஸ்கேன் செய்த டாக்டர் இளம்பெண். கருவியை வயிற்றின் மேல் நகர்த்திக்கொண்டே வந்தவர் இடது விலாப் பக்கம் நிறுத்தினார். திரையில் கறுப்பாக ஒரு குளம் மாதிரி தெரிந்தது. "இதெல்லாம் ரத்தம்மா" என்றார். வெளியே ஒரு சொட்டுகூட இல்லாத ஒரு மனிதருக்குள் அவ்வளவு ரத்தம் கொட்டிக் கிடந்ததை நான் அப்படித்தான் பார்த்தேன். அங்கே அறுவை சிகிச்சைக்கு வசதி இல்லை. இரண்டு பாட்டில் மருந்தை ஏற்றிக்கொண்டு ஆம்புலன்சில் சென்னைக்கு அனுப்பினார்கள்.

அந்தச் சாலையில் நான் எத்தனையோ முறை போயிருக்கிறேன். அன்றைக்கு ஒவ்வொரு இடத்தையும் ஜன்னலில் பார்த்து எனக்குள் சொல்லிக்கொண்டே போனேன். தச்சூர் கூட்டுரோடு. ஜனப்பன்சத்திரம். காரனோடைப் பாலத்தின் மேல் லாரிகள் நின்றுகொண்டிருந்தன, சைரனுக்கு அவை விலக இடமில்லை. நண்பர் எதிர் சீட்டில் உட்கார்ந்து இவருடைய காலைத் தேய்த்துக்கொண்டே வந்தார்.

சோழவரம் தாண்டியதும் இவர் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்க்கவில்லை. நண்பரைத் தேடினார்.

"பஞ்ச் ஏறிச்சாடா?"

"ஏறிடுச்சிண்ணா. பச்ச லைட்டு வந்துச்சே, நீதான் பாத்தியே."

"சரி" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "அப்ப உனக்குப் பேஜாரு இல்ல" என்றார். நான் சும்மா இருங்கள் என்று அதட்டினேன். தண்ணீர் கேட்டார். கொடுக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். துணியை நனைத்து உதட்டில் வைத்தேன்.

அறுவை சிகிச்சை முடிந்து வெளியே வந்த சர்ஜன், மண்ணீரல் இரண்டாகப் பிளந்திருந்தது, எடுத்துவிட்டோம், குடலில் ஒரு கிழிசல், தைத்துவிட்டோம் என்றார். நிறைய ரத்தம் ஏற்றினார்கள். நண்பரும் அவர் கூப்பிட்டு வந்த கம்பெனி ஆட்களும் வரிசையாக நின்று ரத்தம் கொடுத்தார்கள். மகள் வந்து சேர்ந்தாள். எங்கள் போதகர் வந்து ஜெபித்தார். இவர் கண் திறக்கவே இல்லை. கட்டிலோரம் சிறுநீர் வடிகிற பிளாஸ்டிக் பை காலியாகவே தொங்கியது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரு கோடு அளவாவது ஏறுமா என்று. மறுநாள் மதியம் இறந்துவிட்டார்.

சர்ஜனிடம் தோளைப் பற்றிக் கேட்டேன். அடிபடாத தோள் ஏன் வலித்தது என்று. வயிற்றுக்குள் கசியும் ரத்தம் மேலே தேங்கி, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் மூச்சு விடும்போது அசைகிற தசையைத் தொட்டால் வலி தோளில் தெரியும், நரம்பு அப்படி ஓடுகிறது என்றார். நேராகக் கொண்டுவந்திருந்தால் என்றும் கேட்டேன். அவர் சொன்னார்: "உறுதியா சொல்ல முடியாதும்மா. ஆனா சீக்கிரம் வந்தவங்கள்ல நிறைய பேர் பிழைச்சிருக்காங்க." அதை அப்படியே அன்றைக்கு எழுதிவைத்தேன். வேறு எதையும் எழுதவில்லை.

அடக்கத்துக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் நண்பர் வருவார். ஆராதனை முடிந்து நான் வீடு திரும்பும்போது வாசலில் நிற்பார். பழவேற்காட்டு மீன் வாங்கி வந்திருப்பார், அல்லது குழாய் ஒழுகுகிறதா, ஃபேன் சத்தம் போடுகிறதா என்று பார்ப்பார். உள்ளே வந்து நாற்காலியில் உட்காராமல் தரையில் உட்காருவார். அழுவார். அழுது முடித்துவிட்டு ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லித் தன்னைத் தேற்றிக்கொள்வார்.

"ஒண்ணு மட்டும் நல்லது செஞ்சோம் அண்ணி. பஞ்ச் பண்ண வெச்சோம். இல்லன்னா உங்களுக்கு பென்ஷன் வந்திருக்குமா? பாப்பா படிப்பு இன்னா ஆயிருக்கும்?"

நானும் ஆமாம் என்பேன். அப்போது எனக்கும் அதுதான் உண்மை.

அந்தப் பென்ஷனுக்கான ஆணையை வாங்கத் தொழிலாளர் காப்பீட்டு அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்தவர் என் வயதுப் பெண்மணி, பொறுமையாகப் பேசினார். நான் எல்லாத் தாள்களையும் தேதி வாரியாக அடுக்கி, என் கணவர் விரல் வைத்ததற்கான பதிவை எல்லாவற்றுக்கும் மேலே வைத்திருந்தேன். அந்தப் பெண்மணி அதை எடுத்து ஓரமாக வைத்தார்.

"இது முக்கியமாச்சே மேடம்" என்றேன்.

"இது இல்லன்னாலும் வரும்மா. வேலைக்குப் போற வழியில நடந்தாலும் வேலையில நடந்த மாதிரிதான். நேரமும் வழியும் சரியா இருந்தா போதும். சட்டம் மாறி ரொம்ப வருஷம் ஆச்சு."

நான் மறுபடி கேட்டேன். அவர் மறுபடி அதையே சொன்னார். வீட்டிலிருந்து கிளம்பியது, ஷிப்ட் நேரம், சாலை, எல்லாம் பொருந்துகிறது, கேட்டுக்குள் போனாரா இல்லையா என்று நாங்கள் பார்ப்பதே இல்லை என்றார். வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றேன். என் பஸ் வந்து போனது. அடுத்ததும் போனது.

நண்பரிடம் இதைச் சொல்வதா என்று நான் யோசித்தது ஒரு நாள் இரண்டு நாள் இல்லை. அவருக்கு மிஞ்சியிருந்தது அந்த ஒரு ஆறுதல்தான். அதையும் பிடுங்கிக்கொண்டால் அவர் கையில் என்ன இருக்கும்? என் கணவர் போய்விட்டார், சொல்வதால் திரும்பி வரப்போவதில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் அதைச் சொல்லும்போது நான் ஆமாம் என்பதை நிறுத்தினேன், அவ்வளவுதான். அவர் கவனிக்கவில்லை.

மழைக்காலம் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கொஞ்சம் தெம்பாக வந்தார். மீனை நான் கழுவிக்கொண்டிருந்தேன். அவர் பின்கட்டுப் படியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்.

"முந்தாநேத்து ஒடிசாக்காரரு ஒருத்தரு நம்ம கேட்டாண்டயே சைக்கிளோட வுழுந்தாரு அண்ணி. வேன் தட்டிட்சி. இடுப்பப் புடிச்சிகினு கத்தறாரு. கூட இருந்தவங்க ஆட்டோவுல ஏத்தறாங்க. நான் வுடுவனா? அண்ணனுக்கு நடந்தது சொன்னேன். ரெண்டு பேரா தூக்கிகினு போயி பஞ்ச் பண்ண வெச்சித்தான் அனுப்பினோம்."

"இப்ப எப்படி இருக்கார்?"

"இடுப்பெலும்பு வுட்டுப்போச்சாம். ஆபரேஷன் பண்ணுவாங்கன்றாங்க. ஆளு நல்லாகீறாரு. இனிமே எவன் வுழுந்தாலும் நான் வுடமாட்டேன் அண்ணி. அண்ணனுக்காக இதுவாவது செய்றேன்."

நான் கையைக் கழுவிக்கொண்டு அவர் எதிரில் உட்கார்ந்தேன். அலுவலகத்தில் கேட்டதை ஆரம்பத்திலிருந்து சொன்னேன். அந்தப் பெண்மணி சொன்ன வார்த்தைகளிலேயே சொன்னேன், நானாக எதையும் சேர்க்கவில்லை.

முதலில் அவர் நம்பவில்லை. "யாரு சொன்னது? அவங்களுக்கு இன்னா தெரியும்? கான்ட்ராக்டர் ஒத்துக்கணுமே."

"அவங்கதான் கொடுக்கறவங்க. கான்ட்ராக்டர் இல்ல."

"அப்ப அந்தக் கத?"

"பழைய கதை. இப்ப சட்டம் அப்படி இல்ல."

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எழுந்துபோய் மூடினார். திரும்பி வந்து உட்காரவில்லை.

"அப்ப, நேரா இட்டுகினு போயிருந்தா?"

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் பேச ஆரம்பித்தேன். டாக்டர் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் என்று மட்டும் சொல்லி நிறுத்தியிருக்கலாம். அது பொய்யும் இல்லை. ஆனால் பாதி அளவை மட்டும் சொன்னால் அவர் மீதியைத் தனக்குச் சாதகமாக வைத்துக்கொள்வார், அடுத்த ஆளையும் கேட்டுக்கே தூக்கிப்போவார். டாக்டர் சொன்ன இரண்டு வாக்கியத்தையும் சொன்னேன்.

அவர் தன் வலது உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "வெரல தேச்சி தேச்சி வெச்சேனே அண்ணி" என்றார்.

"யாரா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பாங்க. நானும்தான்."

"நீங்க இல்லியே. நான்தான."

மீனைக் குழம்பு வைக்கிறேன், சாப்பிட்டுப் போங்கள் என்றேன். தலையை ஆட்டினார். நான் அடுப்பைப் பற்றவைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது படியில் யாருமில்லை.

அதன் பிறகு அவர் வரவில்லை. அவரைப் பற்றி மற்றவர்கள் மூலமாகத்தான் கேள்விப்படுகிறேன். என் அறையில் வேலை செய்யும் ஒரு பெண்ணின் கணவர் அந்தக் கம்பெனியில் இருக்கிறார். ஷிப்ட் மாறும் நேரத்தில் நண்பர் கேட்டில் நின்றுகொண்டு ஒவ்வொருவரிடமும் சொல்கிறாராம், வழியில் அடிபட்டால் நேரா ஆஸ்பத்திரிக்குப் போ, பஞ்ச் பண்ணாதே என்று. "என் அண்ணன நான்தான் இங்க தூக்கியாந்தேன், நான்தான் வெரல வெச்சேன்" என்கிறாராம். கேட்பவர்கள் சங்கடப்பட்டுத் தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். சிலர் கேலி செய்கிறார்கள். "அவரு சொல்லுவாரு, நாளைக்கு கான்ட்ராக்டர் கை விரிச்சா அவரா வந்து குடுப்பாரு?" என்று அந்தப் பெண்ணின் கணவரே சொன்னாராம். செக்யூரிட்டி இரண்டு முறை நண்பரை உள்ளே போகச் சொல்லியிருக்கிறார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் நான் நண்பர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி என்னைப் பார்த்ததும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நாற்காலி போட்டாள். உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

"ஊட்ல இல்லக்கா" என்றாள். சொல்லிவிட்டுக் கீழே பார்த்தாள். அவர் செருப்பு என் செருப்புக்குப் பக்கத்திலேயே கிடந்தது.

"வந்தா சொல்லு. எனக்கு அவர் மேல ஒரு வருத்தமும் இல்லன்னு. பண்டிகைக்கு மகள் வரா. சாப்பிட வரணும்."

கதவுக்குக் கேட்கும்படிதான் சொன்னேன். அவள் காபி கொண்டுவந்தாள். ஆறும்வரை வைத்திருந்து மெதுவாகக் குடித்தேன். உள்ளே கட்டில் ஒருமுறை அசைந்தது. நான் எழுந்து, "அப்ப வரேன்" என்றேன். தெருமுனை வரை நடந்து நின்றேன். யாரும் பின்னால் வரவில்லை.

பண்டிகை அன்று மகளும் நானும் மட்டும் சாப்பிட்டோம். நண்பருக்கென்று எடுத்துவைத்ததை மாலையில் டப்பாவில் போட்டு அவர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். டப்பா கழுவித் துடைத்துத் திரும்பி வந்தது, அவர் மனைவி கையில்.